பைப்ரோமயால்ஜியா வலிக்கு பிரிகாபலின் கொடுக்கலாமா?

திருப்பூர்_தம்பி:
அம்மா பனியன் கம்பெனியில் பவர்டேபிள் தையல் மிஷின் ஓட்டுகிறார். கழுத்து, தோள், இடுப்பு என்று எங்கே தொட்டாலும் வலி, விடிந்து எழும்போதே அசதி. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் நார்மல். கோயமுத்தூர் டாக்டர் பைப்ரோமயால்ஜியா என்று சொல்லி பிரிகாபலின் என்கிற நரம்புவலி மாத்திரையை 75 மி.கி. எழுதியிருக்கிறார். நெட்டில் பார்த்தால் இந்த நோய்க்கு அமெரிக்கா 2007-லேயே அனுமதித்துவிட்டது, ஐரோப்பா மறுத்துவிட்டது என்கிறார்கள். ஒரே மருந்துக்கு எப்படிங்க ரெண்டு தீர்ப்பு?

ஈரோடு_மெடிக்கல்:
ரெண்டுமே நிஜம்தானுங்க தம்பி. பலன் சின்னது, அது நீடிக்கும் என்பதற்குச் சான்று போதாது என்றுதான் ஐரோப்பா மறுத்தது. பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசுகிற காக்ரேன் அமைப்பின் 2016 தொகுப்பைப் பாருங்க: தினம் 300 முதல் 600 மி.கி. வரை எடுத்தவர்களில் நூற்றுக்கு 22-24 பேருக்கு வலி பாதியாவது குறைந்தது, ஆனால் மருந்தில்லாத வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களிலும் 14 பேருக்குக் குறைந்திருக்கிறது. ஆக மருந்தால் மட்டும் தேறியது நூற்றுக்கு எட்டு முதல் பத்துப் பேர். அவர்களுக்கு அது பெரிய விஷயம், மற்றவர்களுக்குத் தலைசுற்றலும் எடை கூடியதும்தான் மிச்சம். அதுவும் மூன்று மாதம் போல நடந்த ஆய்வுகள்.

கோபி_அக்கா:
இதே வலிக்கு எனக்கு அமிட்ரிப்டிலின் என்கிற பழைய மனச்சோர்வு மாத்திரையை 10 மி.கி. கொடுத்தார்கள். வலி முழுசாகப் போகவில்லை, வாயும் வறண்டது. ஆனால் ராத்திரி தூக்கம் பிடித்தது, அப்புறம்தான் காலையில் குனிந்து சாணி அள்ளவே முடிந்தது. அதற்கு முன்னால் டைக்ளோபினாக் என்கிற வலிமருந்தை ஊசியாகப் போட்டு வயிறு புண்ணானதுதான் கண்ட பலன்.

பொள்ளாச்சி_வாசகன்:
இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல் வெளியிடுகிற நைஸ் அமைப்பு 2021-இல் இந்த மாதிரி வலிக்கு பிரிகாபலினே வேண்டாம் என்றுவிட்டதே? ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்கள் 2017-இல் வெளியிட்ட பரிந்துரையிலும் உடற்பயிற்சி ஒன்றுக்குத்தான் அழுத்தமான ஆதரவு, மாத்திரைகளுக்கெல்லாம் அரைகுறைதான்.

ஈரோடு_மெடிக்கல்:
சரிதானுங்க, ஆனால் நாள் பூரா மிஷினில் உட்கார்ந்து எழுகிறவரிடம் போய் நடங்க என்றால் அடிக்க வருவார். தூக்கம் கொஞ்சம் சரியானால் தெருமுனை வரைக்குமாவது நடப்பார், அதுக்கு மாத்திரை உதவினால் உதவட்டும். தம்பி, கிட்னிக் கோளாறு இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்க, அளவைக் குறைப்பார். மயக்கமாக இருக்கும்போது மிஷினில் உட்கார்ந்தால் ஊசி விரலில் ஏறிவிடும், அதனால் சனிக்கிழமை ராத்திரி ஆரம்பிக்கலாமா என்று கேளுங்க, ஞாயிறு லீவுதானே. எத்தனை வாரம் பார்ப்பது என்றும் இப்போதே கேட்டுக்கொள்ளுங்க. பலனில்லை என்றால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாமல் அவர் சொல்கிறபடி படிப்படியாகக் குறையுங்க.