முழங்கால் வலியோடு பயிற்சி வகுப்புக்குப் போனவர்களின் அனுபவங்கள் – வன்னி, இலங்கை

மாங்குளம் ரீச்சர்

கிளினிக் கொப்பியில் "மூட்டுத் தேய்வு" என்று எழுதி இயன்மருத்துவப் (பிசியோதெரபி) பிரிவுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு அங்கே என்ன நடக்கும் என்பது தெரிந்திருக்கும் என்பதால், நான் அதை விவரிக்கவில்லை. என் மனத்தை விட்டு அகலாமல் இருப்பது அங்கே என்னிடம் கேட்கப்பட்ட ஒரு கேள்விதான்.

கைப்பிடி இல்லாத கதிரையில் என்னை இருத்தி, இரண்டு கைகளையும் நெஞ்சின் குறுக்கே வைத்துக்கொண்டு எழும்பச் சொன்னார்கள். பாதி எழும்பியபோது வலது முழங்காலுக்குள் கறகறவென்று சத்தம் கேட்டது. எலும்போடு எலும்பு உரசுகிறது, இனி அசைந்தால் உள்ள மூட்டும் போய்விடும் என்ற பயத்தில் நான் திரும்ப இருக்கப் பார்த்தேன். இயன்மருத்துவப் பிள்ளை முழங்காற்சில்லின் மேல் உள்ளங்கையை வைத்தபடி, "பத்துக்கு எத்தனை வலி, ரீச்சர்?" என்று கேட்டார். நாலு என்றேன். "நாலென்றால் செய்யலாம். ஐந்தைத் தாண்டினால் நிறுத்துவம். நாளைக்கு இதே நேரம் வலி எப்படி இருந்தது என்று மட்டும் கவனித்து வந்து எனக்குச் சொல்லுங்கோ" என்றார்.

இத்தனை வருடமாக என் வலியைப் பற்றிக் கேட்ட எல்லோரும் "நோகுதா?" என்று கேட்டு, "அப்ப காலை ஆட்டாதேங்கோ" என்று முடித்துவிடுவார்கள். மறுநாளைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. பயிற்சியால் கூடிய வலி 24 மணித்தியாலத்துக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிட்டால் மூட்டுக்குக் கேடில்லை என்பதும், இறங்காவிட்டால் பயிற்சியைக் கைவிடாமல் அதன் அளவை மட்டும் குறைக்க வேண்டும் என்பதும் அன்றுதான் எனக்கு விளங்கியது. மூட்டைத் தாங்குவது தொடையின் முன்பக்கத் தசை. பயந்து பயந்து காலை அசைக்காமல் வைத்திருந்ததில் அந்தத் தசை மெலிந்துபோய், வலி இன்னும் கூடியிருக்கிறது. இந்த ஒரு கேள்வியை முதலே யாராவது கேட்டிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

முத்தையன்கட்டு வயல்காரன்

மண்வெட்டி பிடிக்கிறவனுக்குத் தனியாக எதற்குப் பயிற்சி என்று எங்கள் ஊரில் எல்லோரும் கேட்பார்கள். குனிந்தும் குந்தியும் செய்யும் வேலை மூட்டின் மேல் பாரத்தை ஏற்றுமே தவிர, மூட்டைத் தாங்கும் தசையை அளவறிந்து வளர்க்காது என்று வகுப்பில் விளங்கப்படுத்தினார்கள். அதை நான் ஏற்றுக்கொண்டேன். என்னை அசைத்தது சாப்பாட்டு வகுப்புத்தான்.

ஒரு வெறும் தட்டையும் சோற்றுப் பானையையும் என் முன்னால் வைத்து, "வீட்டில் போடுகிற மாதிரியே போடுங்கோ ஐயா" என்றார் அந்த உத்தியோகத்தர். தட்டு நிறையக் குத்தரிசிச் சோறு போட்டேன். அவர் அகப்பையால் சோற்றை ஒரு பக்கமாக ஒதுக்கி, கூடுதலானதைப் பானையிலேயே திரும்பப் போட்டார். முக்கால்வாசித் தட்டு வெறுமையாகத் தெரிந்தது. 2009இல், போரின் கடைசி மாதங்களில், மாத்தளனில் கஞ்சிக்கு வரிசையில் நின்றவன் நான். என் பிள்ளைகளுக்கு அன்றைக்குக் கிடைத்த கஞ்சியின் அளவு எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அப்படிப்பட்ட ஒருவன் முன்னால், அவன் போட்ட சோற்றைத் திரும்ப எடுக்கும்போது அவனுக்குள் என்ன நடக்கும் என்பதை இங்கே பலருக்கு நான் எழுதத் தேவையில்லை. நான் கையை எடுத்துவிட்டேன். எழும்பிப் போகவும் நினைத்தேன்.

அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வெறும் தட்டோடு உங்களை எழும்ப விடமாட்டன் ஐயா" என்று சொல்லி, வெறுமையாகக் கிடந்த இடத்தில் முருங்கையிலை வறையும் பூசணிக்காய்க் கறியும் அரைத்தட்டுக்கு வைத்து, மிச்சமிருந்த கால்பங்கில் விரால் மீன் துண்டையும் பயற்றையும் வைத்தார். தட்டு முன்பைவிட நிறைந்துதான் இருந்தது. அதற்குப் பிறகுதான், உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் வரும் பாரம் ஏறத்தாழ நாலு கிலோ குறையும் என்ற கணக்கைச் சொன்னார். கணக்கை முதலில் சொல்லியிருந்தால் என் காதில் ஏறியிருக்காது.

ஒரு வீட்டில் ஒரு பானைதான் ஏறும். எனக்கென்று தனியாக ஒருவர் சமைக்க முடியாது. ஆகவே அடுத்த வகுப்புக்கு மனைவியையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு போனேன். இப்போது வீட்டில் எல்லோருக்கும் அதே தட்டுத்தான். மூட்டு வலியுள்ளவர்கள் எல்லோரும் முதலில் உடம்பைக் குறைக்க வேண்டும், மற்றதெல்லாம் பிறகு என்பதே என் கருத்து.

புதுக்குடியிருப்புச் சகோதரி

முத்தையன்கட்டு அண்ணா, வெறும் தட்டைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்து நெடுநேரம் அப்படியே இருந்தேன். ஆனால் உங்கள் கடைசி வரியை என்னால் ஏற்க முடியாது.

எனக்கு இருப்பது தேய்வு அல்ல, முடக்குவாதம். மெலிந்த உடம்பு. விரல் மூட்டுகள் வீங்கி, காலையில் தேத்தண்ணீர்க் கோப்பையின் பிடிக்குள் விரலை நுழைக்க முடியாமல் இரண்டு உள்ளங்கைகளாலும் ஏந்திக் குடிக்கிறவள் நான். அயலில் எல்லோரும் மூட்டு வலியென்றால் ஒன்றுதான் என்று நினைத்து, "சோற்றைக் குறை, மாப்பொருளை விடு" என்றார்கள். நானும் மெலிந்துகொண்டே போனேன். பயிற்சிக்குப் போன முதல் நாள், இறப்பர் பட்டியை என் கையில் தருவதற்கு முன், அந்த இயன்மருத்துவர் என் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, "காலையில் எழும்பினால் விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கும்?" என்று கேட்டார். பத்து மணி வரைக்கும் என்றேன். பட்டியைத் திரும்ப வைத்துவிட்டார். "இன்றைக்கு உங்களுக்குப் பயிற்சி இல்லை அக்கா, முதலில் வைத்தியரிடம் போங்கோ" என்று கடிதம் எழுதித் தந்தார்.

தேய்வு நோயில் காலை விறைப்புப் பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் விட்டுவிடும். முடக்குவாதத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் நீடிக்கும். இது உடலே தன் மூட்டுகளைத் தாக்கும் நோய் என்பதால், அதற்குரிய மருந்தைத் தொடங்கத் தாமதித்தால் மூட்டுகள் நிரந்தரமாகக் கோணிவிடக்கூடும். வீக்கம் அடங்கிய பிறகு எனக்கும் பயிற்சி தொடங்கினார்கள். சாப்பாட்டு ஆலோசனை சொன்னவர் எனக்கு உணவைக் கூட்டச் சொன்னார்: முட்டை, மீன், உழுந்து, கௌபி. ஒரே மண்டபத்தில், ஒரே நாளில், அண்ணாவைப் போன்றவர்களின் தட்டிலிருந்து எடுத்தவர்களே என் தட்டில் கூட்டி வைத்தார்கள். மேற்பார்வை என்பதன் அருமையே அதுதான்.

கிளிநொச்சி

நான் சுருக்கமாக எழுதுகிறேன். எனது இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையத்தில் செய்த செயற்கைக் காலைப் போட்டிருக்கிறேன். வலி வந்தது மற்றக் காலில். இத்தனை வருடமாக அதை "நல்ல கால்" என்றே சொல்லி, படியேறுவது, சைக்கிளில் ஏறுவது, கிணற்றடியில் நிற்பது என்று முழு உடம்பையும் அதன் மேலேயே போட்டிருக்கிறேன்.

இரண்டு கம்பிகளுக்கிடையே என்னை நிறுத்தி, "செயற்கைக் காலில் பாரத்தைப் போட்டு ஐந்து எண்ணும் வரைக்கும் நில்லுங்கோ அண்ணை" என்றார்கள். மூன்று எண்ணும்போது எனது உடம்பு தானாகவே மறுபக்கம் சாய்ந்தது. முன்னாலிருந்த கண்ணாடியில் அதைப் பார்த்தேன். அந்தச் சாய்வு அவ்வளவு காலமும் என் கண்ணில் பட்டதே இல்லை. கால் இழந்தவர்களின் மற்ற முழங்காலில் தேய்வு மற்றவர்களைவிடக் கூடுதலாக வரும் என்று அவர் சொன்னார். எங்கள் மாவட்டத்தில் எத்தனை பேர் என்னைப்போல் இருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர்கள் ஒவ்வொருவரும், வலி வருவதற்கு முன்னரே, அந்தக் கண்ணாடியின் முன்னால் ஒருமுறை நிற்க வேண்டும்.

ஓய்வுபெற்ற மருந்தாளர், வவுனியா

எனக்கும் இடது முழங்காலில் தேய்வு உண்டு, மேற்பார்வையுடனான பயிற்சிக்குச் சென்றேன், பலன் கண்டேன். இங்கு பேசப்படாத சிலவற்றைச் சொல்ல வேண்டியது என் கடமை என்று நினைக்கிறேன்.

முதலாவது, வலிக்குளிகை. பயிற்சிக்குப் போகும் நாளில் வலி தெரியாமல் இருப்பதற்காகக் கடையில் டைக்குளோபினாக் வாங்கிப் போட்டுக்கொண்டு வருகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். அப்படி வந்தால் ரீச்சர் எழுதிய பத்துக்கு எத்தனை என்ற கணக்கே பொய்யாகிவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து, அந்தக் குளிகைகள் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடியவை என்பது. நாட்பட்ட சிறுநீரக நோய் கண்டறியப்பட்டுள்ள வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளில் வாழும் நாங்கள், வைத்தியரின் ஆலோசனை இல்லாமல் அவற்றைத் தொடர்ந்து எடுக்கவே கூடாது. முழங்காலுக்கு மட்டும் வலியென்றால் அதே மருந்தைப் பூச்சாகப் பயன்படுத்துவது பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். பூசும்போது இரத்தத்தில் சேரும் அளவு மிகக் குறைவு.

இரண்டாவது, கறகற என்ற சத்தம். ரீச்சருக்கு வந்ததுபோல் சத்தம் மட்டும் வந்தால் பயமில்லை. ஆனால் மூட்டு திடீரெனச் சிவந்து சூடாகி வீங்கினாலோ, காய்ச்சலும் சேர்ந்துகொண்டாலோ, நீட்டவும் மடக்கவும் முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, பயிற்சியை நிறுத்தி அன்றே வைத்தியரைப் பார்க்க வேண்டும். இதையும் சேர்த்து எழுதாவிட்டால் வாசிப்பவர்கள் தவறாக விளங்கிக்கொள்ளக்கூடும்.

மூன்றாவது, சோறு சோறு என்று எல்லோரும் சோற்றையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். நாளுக்கு ஐந்து தேத்தண்ணீர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் அதுவே ஏறத்தாழ 40 கிராம். உலக சுகாதார நிறுவனம் விரும்பத்தக்கது என்று சொல்லும் அளவு 25 கிராம் வரையில்தான். பாணும் மாவுப் பணியாரமும் வேறு. குரக்கன் பிட்டையும் சிவப்பரிசிச் சோற்றையும் விட்டுவிட்டுப் பாணுக்குப் போகிறவர்கள் மெலிய மாட்டார்கள்.

எனினும் முத்தையன்கட்டுத் தம்பி "மற்றதெல்லாம் பிறகு" என்று எழுதியதோடு எனக்கும் உடன்பாடில்லை. அமெரிக்காவின் வட கரோலினாவில் உடற்பருமனும் முழங்கால் தேய்வும் உள்ள 454 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து 18 மாதங்கள் கவனித்த ஆய்வு 2013இல் வெளியானது. உணவையும் பயிற்சியையும் சேர்த்துக் கடைப்பிடித்தவர்கள் சராசரியாக 10.6 கிலோ குறைந்தார்கள். உணவை மட்டும் மாற்றியவர்கள் 8.9 கிலோ; பயிற்சி மட்டும் செய்தவர்கள் 1.8 கிலோ. வலி குறைந்ததிலும் நடமாட்டம் கூடியதிலும் இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களே முன்னின்றார்கள். உணவை மட்டும் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். தசை கரைந்தால் மூட்டை எதுதான் தாங்கும்?

கைத்தடி பிடிப்பவர்கள் நோகாத பக்கத்துக் கையில் பிடியுங்கள். குந்தியிருக்கும் மலசலகூடத்துக்கு மேலே வைக்கக்கூடிய கதிரையைப் பற்றி இயன்மருத்துவப் பிரிவிலேயே கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம்.

ஒட்டுசுட்டான் மகள்

மருந்தாளர் ஐயாவுக்கு நன்றி. என் பிரச்சினை வேறு. அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் வளைந்துவிட்டது. வகுப்புக்குக் கூட்டிச் சென்றேன். பாயை விரித்து, சுருட்டிய துவாயை முழங்காலுக்குக் கீழே வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தி ஐந்து எண்ணும்வரை வைத்திருக்கச் சொன்னார்கள். அறையின் மறுபக்கத்தில் ஆண்கள் இருந்தார்கள். அம்மா சேலைக் கரையைக் கணுக்காலுக்கு இழுத்துப் பிடித்தபடியே படுத்திருந்தா. இரண்டு கையும் சேலையில் இருந்ததால் ஒன்றும் செய்யவில்லை. திரும்பி வரும்போது பேருந்தில், "பிள்ளை, இந்த வயதில் என்னை ஊருக்கு முன்னால் படுக்க வைக்காதே" என்றா. அதற்குப் பிறகு வர மறுக்கிறா. வீட்டில் நானே செய்விக்கலாமா என்பதுதான் என் கேள்வி. ஆலோசனை வேண்டாம், இப்படி நடந்தவர்கள் என்ன செய்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

மாங்குளம் ரீச்சர்

மகள், எங்கள் வகுப்பிலும் இதே காரணத்தால் இரண்டு அம்மாமார் நின்றுவிட்டார்கள். நாங்கள் பொறுப்பான பிள்ளையிடம் நேரில் சொன்னோம். பெண்களுக்கு வேறு நேரம் ஒதுக்கித் தந்தார். அது முடியாத நாட்களில் ஒரு திரைச்சீலையைக் கட்டிவிடுவார். அவர்களில் ஒருவர் உள்ளே நீளக் காற்சட்டை போட்டு அதற்கு மேல் சட்டை அணிந்து வருகிறார். துவாயை அழுத்தும் அந்தப் பயிற்சியைக் கதிரையில் இருந்து காலை நீட்டியும் செய்யலாம். படுக்கத்தான் வேண்டும் என்றில்லை என்று எங்களுக்குச் சொன்னார்கள்.

வீட்டில் செய்விக்கலாம், நாங்களும் வகுப்பில்லாத நாட்களில் வீட்டில் செய்கிறோம். ஆனால் இரண்டு காலும் வளைந்தவருக்கு எந்த அளவில் தொடங்குவது என்பதை ஒருமுறையாவது அவர்கள் தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும். அடுத்த முறை போகும்போது அம்மாவைக் கூட்டிச் செல்லாமல் நீங்கள் மட்டும் கிளினிக் கொப்பியோடு போய், அவ பேருந்தில் சொன்ன அந்த வார்த்தையை அப்படியே அவர்களிடம் சொல்லுங்கள்.