ஃபோம் போர்டு விமானம் கையிலிருந்து விட்டதும் மூக்கைத் தூக்கி இடப்பக்கம் சாய்கிறது: மோட்டாரை மாற்ற வேண்டுமா?

கேள்வி (தண்டையார்பேட்டையிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். பாரிமுனையில் வாங்கிய 5 மி.மீ. ஃபோம் போர்டில் நானும் என் தம்பியும் சேர்ந்து முதன்முதலாக ஒரு ரிமோட் விமானம் செய்திருக்கிறோம். இறக்கையின் நீளம் 100 செ.மீ., அகலம் 20 செ.மீ. ஏ2212 1000 கேவி மோட்டார் (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 1000 சுற்று), 1045 (10 அங்குல) புரொப்பெல்லர், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் ஈ.எஸ்.சி., மடல்களை அசைக்கும் நான்கு 9 கிராம் சர்வோக்கள், 3 செல் 2200 எம்.ஏ.ஹெச். லிப்போ பேட்டரி ஆகியவற்றைப் பொருத்தியிருக்கிறோம். வால் வளையாமல் விறைப்பாக நிற்க வேண்டும் என்று அதை மட்டும் 3 மி.மீ. சன்போர்டில் வெட்டினோம். மொத்த எடை 980 கிராம்.

மூன்று முறை விட்டுப் பார்த்தோம், மூன்று முறையும் ஒரே கதைதான். கையை விட்டு நான்கைந்து மீட்டர் போவதற்குள் மூக்கு மேலே எழும்புகிறது, ஒரு நொடி அப்படியே நிற்கிறது, பிறகு இடது இறக்கை மடங்கியதுபோல் சாய்ந்து தரையில் குத்துகிறது. எலிவேட்டரைக் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்) கீழே கொடுத்தும், எய்லரானை (விமானத்தைச் சாய்க்கும் இறக்கை மடல்) வலப்பக்கம் கொடுத்தும் பயனில்லை. விரல் வைத்துப் பார்த்தால் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 8.5 செ.மீ. தள்ளிச் சமநிலை கிடைக்கிறது. பேட்டரி ஏற்கெனவே மோட்டாரை ஒட்டித்தான் இருக்கிறது, அதற்கு மேல் முன்னே தள்ள இடமில்லை. 1400 கேவி மோட்டார் போட்டால் சரியாகுமா?

பதில் (காசிமேட்டிலிருந்து)

மோட்டாரில் கை வைக்காதீர்கள், தம்பி. பழகுவதற்கான விமானத்துக்கு அதன் எடையில் பாதி அளவு இழுவிசை இருந்தாலே போதும். உங்கள் மோட்டார் 10 அங்குலப் புரொப்பெல்லரோடு அதைவிடக் கூடுதலாகவே இழுக்கும். கோளாறு ஈர்ப்பு மையத்தில், அதாவது விரல் வைத்து நீங்கள் கண்ட சமநிலைப் புள்ளியில் இருக்கிறது. 20 செ.மீ. அகல இறக்கையில் 8.5 செ.மீ. என்றால் 42 விழுக்காட்டுக்கும் மேல். இது 25 முதல் 33 விழுக்காட்டுக்குள், அதாவது ஏறக்குறைய 6 செ.மீ. தொலைவில் இருக்க வேண்டும். மையம் பின்னே போய்விட்டால் மூக்கு ஒருமுறை எழும்பியதும் தானாக இறங்காது. வேகம் குறைந்து, இறக்கையின் மேல் காற்று பிரிந்து, தாங்கும் விசை போய்விடும்.

அது இடப்பக்கம் சாய்வதற்கும் காரணம் உண்டு. பின்னாலிருந்து பார்க்கும்போது புரொப்பெல்லர் கடிகாரச் சுற்றில் சுழன்றால், அதன் எதிர்வினை விமானத்தை இடப்பக்கம் உருட்டப் பார்க்கும். அந்த நேரத்தில் வலது எய்லரான் கொடுப்பது நிலைமையை மோசமாக்கும். ஏனெனில் இடது எய்லரான் கீழே இறங்கி, ஏற்கெனவே திணறும் இடது இறக்கையின் கோணத்தை இன்னும் கூட்டிவிடும்.

மூக்கின் நுனி முன்விளிம்பிலிருந்து 15 செ.மீ. தொலைவில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அங்கே ஏறத்தாழ 117 கிராம் ஈயம் வைத்தால் மையம் 6 செ.மீ.க்கு வந்துவிடும். இங்கே வலைச் சாமான் கடைகளில் ஈயக்குண்டு கிடைக்கும்.

பதில் (திருவொற்றியூரிலிருந்து)

காசிமேட்டு நண்பர் நோயைச் சரியாகக் கண்டிருக்கிறார், ஆனால் மருந்தை நான் ஏற்கமாட்டேன். 117 கிராம் ஈயம் வைத்தால் விமானம் 1,100 கிராமை நெருங்கிவிடும். அதற்கேற்ப அது பறக்க வேண்டிய குறைந்தபட்ச வேகமும் கூடும், கையால் வீசுவது உங்களுக்கு இன்னும் கடினமாகும்.

வாலைப் பாருங்கள். நம் கடைகளில் சன்போர்டு என்று கொடுப்பது பெரும்பாலும் பி.வி.சி. பலகை. அது காகிதம் ஒட்டிய ஃபோம் போர்டைவிடப் பல மடங்கு கனம். வால், மையத்திலிருந்து வெகுதொலைவில் இருப்பதால், அங்கே கூடும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் ஏறக்குறைய இரண்டு கிராம் வைத்து ஈடுகட்ட வேண்டியிருக்கும். அதைப் பெயர்த்தெடுத்து, சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, அதே அளவில் ஃபோம் போர்டில் வெட்டி ஒட்டுங்கள். விறைப்பு வேண்டுமென்றால் கீழ்ப்புறம் ஒரு மூங்கில் குச்சியைக் குறுக்கே பதித்து ஹாட் குளூ இடுங்கள். நம் பக்கம் கடற்காற்றின் ஈரத்தில் காகிதம் ஓரங்களில் உப்பிப் பிரியும் என்பதால், வெட்டிய விளிம்புகள் எல்லாவற்றையும் பேக்கிங் டேப்பால் மூடிவிடுங்கள். நான் இதைச் செய்யாமல் ஒரு நல்ல இறக்கையை இழந்திருக்கிறேன்.

பறக்கவிடுவது காலையிலேயே இருக்கட்டும். அப்போது மேற்கிலிருந்து மெல்லிய தரைக்காற்று வீசும். அதை எதிர்த்து வீசினால் வெயிலும் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று புகுந்துவிட்டால் முதல் விமானத்துக்கு அது ஏற்றதல்ல. துறைமுகமும் மணலி ஆலைகளும் உள்ள பகுதி இது. ஆகவே டிரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் மைதானம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் போகாதீர்கள். 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகள், 2 கிலோவுக்கு மேற்படாத விமானத்தை வணிக நோக்கமின்றி ஓட்டுபவரிடம் உரிமம் கேட்பதில்லை; ஆனால் அனுமதியின்றிப் பறக்கக்கூடாத சிவப்பு மண்டலம் நமக்கும் சிவப்பு மண்டலம்தான்.

கேள்வி கேட்டவரின் பதில்

இருவருக்கும் மிக்க நன்றி. பழைய வாலைத் தராசில் வைத்தபோது 118 கிராம் காட்டியதும், நானும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். புதிய வால், குச்சியோடும் டேப்போடும் சேர்த்தே 37 கிராம்தான். இப்போது மொத்த எடை 899 கிராம். மையம் 4.8 செ.மீ.க்கு முன்னே வந்துவிட்டதால், ஈயம் வைப்பதற்குப் பதிலாகப் பேட்டரியை 6 செ.மீ. பின்னே நகர்த்த வேண்டியதாயிற்று!

வரைபடத்தில் பச்சையாக இருந்த ஒரு மைதானத்தில் நேற்றுக் காலை ஆறரை மணிக்கு முதலில் மோட்டாரை ஓட்டாமல் வீசினோம். மூக்கைச் சற்றே தாழ்த்தியபடி நேராக மிதந்துபோய்ப் புல்லில் இறங்கியது. பிறகு மோட்டாரோடு விட்டோம். இரண்டு வட்டம் அடித்தது. த்ராட்டிலை (மோட்டார் வேகத்தைக் கூட்டும் குச்சி) முழுவதும் ஏற்றும்போது மட்டும் இன்னும் இடப்பக்கம் இழுக்கிறது.

பதில் (காசிமேட்டிலிருந்து)

ஈயத்தை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வாலின் எடையை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். மிச்சமிருக்கும் இழுப்புக்கு, பின்னாலிருந்து பார்க்கும்போது மோட்டார் மவுண்ட்டின் இடப்பக்கத் திருகுகள் இரண்டிலும், மவுண்ட்டுக்கும் பலகைக்கும் நடுவே, ஒவ்வொரு மெல்லிய வாஷரைச் செருகுங்கள். மோட்டார் இரண்டு மூன்று பாகை வலப்பக்கம் திரும்பினால் போதும். மாற்றிய பிறகு புரொப்பெல்லர் நட்டை மறுபடி இறுக்கிப் பார்த்துவிட்டு விடுங்கள்.