தம்பி அம்மாவின் மாத்திரையை எடுத்துப் போடுகிறான், என்ன செய்யலாம்?

தம்பிக்கு 19 வயது. அம்மாவுக்குப் பதற்றத்துக்காக டாக்டர் எழுதிக்கொடுத்த அல்பிரசோலம், மாதம் முடியும் முன்பே தீர்ந்துபோவதைக் கவனித்தேன். கேட்டதும் ஒப்புக்கொண்டான். பரீட்சை நேரத்தில் தூக்கம் வர ஒன்று போட்டானாம், இப்போது தினமும் இரண்டு, மூன்று. "டாக்டர் தருகிற மாத்திரைதானே, போதைப்பொருளா என்ன?" என்கிறான்.

கோபத்தில் எல்லாவற்றையும் குப்பையில் கொட்டப் போனேன். நல்லவேளை, மருந்தாளராக இருக்கும் தோழி தடுத்தாள். வாரக்கணக்கில் எடுத்தவர்கள் சட்டென்று நிறுத்தினால் வலிப்பே வரலாமாம். மருத்துவர் பார்வையில் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டுமாம். இதோடு மதுவோ, டிரமடால் போன்ற வலி மாத்திரையோ சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடலாம் என்றாள். அதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அவன் நண்பர்களோடு குடிக்கிறானா என்பது வேறு தெரியவில்லை.

மாத்திரைகளை இப்போது பூட்டி வைத்திருக்கிறேன், ஒரேயடியாக நிறுத்தியதாகிவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள். நாளைக்கே குடும்ப டாக்டரிடம் போவதா, நேராக மனநல மருத்துவரிடமா? வர மறுப்பவனை எப்படிப் பேசி அழைத்துப் போனீர்கள்? "நாலு அறை விடு" என்கிற யோசனை மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.