உதவி: அப்பப்பாவின்ரை றங்குப்பெட்டிக்குள்ளை இருந்தது எந்த பிஸ்டலின்ரை பாகங்கள்?

கொக்குவிலாள்:
வணக்கம். எங்கடை பழைய வீட்டின்ரை பின்பக்கத்தை இடிச்சுக் கட்டேக்கை அப்பப்பாவின்ரை றங்குப்பெட்டி வெளிக்கிட்டுது. அவர் மலாயாவிலை றயில்வேயில வேலை செய்து பென்சனோட ஊருக்கு வந்தவர். பெட்டிக்குள்ளை துவக்கு இல்லை. அவர் மோசம்போனாப் பிறகு அதைக் கச்சேரியில ஒப்படைச்சிட்டினம் எண்டு ஐயா சொல்லுறார். இருந்த சாமான்கள் இவை:

1931ஆம் ஆண்டு யாழ்ப்பாணக் கச்சேரியில குடுத்த அனுமதிப்பத்திரம். அதில "பிரவுணிங் .25" எண்டும் 127 ஆயிரத்துச் சொச்சம் எண்டொரு இலக்கமும் இருக்கு. வெறும் மகசின் (ரவை அடைக்கிற கூடு) ஒண்டு. இரண்டு கைபிடித் தகடு, ஒண்டு கறுப்பு இறப்பர், மற்றது மரம். மங்கின குங்குமச் சிவப்பில மட்டைப்பெட்டி. நாலு ரவை, அதுகளின்ரை அடியில "கைனாக் 6.35" எண்டு குத்தியிருக்கு.

பத்திரத்தில .25, ரவையில 6.35. அப்ப அப்பப்பாவிட்டை இரண்டு துவக்கு இருந்ததோ? தகடும் இரண்டு விதமாக் கிடக்கு. எனக்கு ஒண்டும் பிடிபடேல்லை.

வண்ணைவாசி:
அம்மா, வகை பாக்கிறதுக்கு முதல் அந்த நாலு ரவையையும் பொலிசிலை காட்டுங்கோ. வீட்டிலை வைச்சிருக்க வேண்டாம், சுரண்டிப் பாக்கவும் வேண்டாம், வெயிலிலையும் வைக்க வேண்டாம். மகசினும் துவக்கின்ரை பாகம்தான், அதையும் சேர்த்துக் கொண்டுபோங்கோ. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இப்பவும் நடைமுறையில இருக்கு. பத்திரத்தை மட்டும் ஒருத்தரிட்டையும் குடுத்திடாதேங்கோ, படி எடுத்து வையுங்கோ. பழைய கச்சேரிக் கட்டடமே சண்டையில சிதைஞ்சு போச்சு, உங்கடை கையில இருக்கிறதுதான் மிச்சம்.

துவக்கைப் பற்றி: பிரவுணிங் எண்டா பெல்ஜியத்திலை லீஜுக்குப் பக்கத்தில ஹெர்ஸ்டாலிலை எஃப்என் கொம்பனி செய்த 1906 மாதிரியாத்தான் இருக்கோணும்.

ஒகையோ அண்ணை:
தங்கச்சி, வண்ணைவாசி அண்ணை ரவையைப் பற்றிச் சொன்னதை முதல் செய்யுங்கோ. துவக்கு விசயத்திலை நான் அவரோட ஒத்துப்போகேல்லை.

முதல் குழப்பம் லேசு. .25 எண்டாலும் 6.35 எண்டாலும் ஒரே ரவைதான். ஜோன் பிரவுணிங் வடிவமைச்ச ரவை அது. அமெரிக்காவிலை அங்குலக் கணக்கிலை .25 ஏசிபி எண்டு பேர், ஐரோப்பாவிலை மில்லிமீட்டர்க் கணக்கிலை 6.35 பிரவுணிங். கைனாக் இங்கிலாந்துக் கொம்பனி, பேர்மிங்ஹாமிலை இருந்தது. ரவையின்ரை பேரிலையே பிரவுணிங் இருக்கிறதால, பத்திரம் எழுதின கிளாக்கர் துவக்குக்கும் அந்தப் பேரைப் போட்டிருக்கலாம். அதை வைச்சு எஃப்என் எண்டு முடிவு கட்டக்கூடாது.

எஃப்என் 1906உம் பிரவுணிங் வடிவமைச்சதுதான். அதே வடிவமைப்பை அமெரிக்காவிலை கோல்ட் கொம்பனியும் கனெக்ரிகட் மாநிலத்திலை ஹார்ட்போர்டிலை 1908இலை இருந்து 1948 வரைக்கும் செய்தது, நாலு லட்சத்துக்கு மேலை. இது காணாதெண்டு ஸ்பெயினிலை ஐபாரிலை அதின்ரை போலிகளை விதம்விதமான பேரிலை செய்து தள்ளினவை. தூர நிண்டு பாத்தா எல்லாம் ஒரே முகம்தான், அதுதான் இதிலை தொல்லை.

ஆனபடியா தகட்டைப் பாருங்கோ. கறுப்பு இறப்பர்த் தகட்டிலை எஃப், என் இரண்டு எழுத்தும் பின்னிக்கொண்டு இருக்கோ, இல்லாட்டி கோல்டின்ரை சின்னமான முன்னங்கால் தூக்கின குதிரை இருக்கோ? மட்டைப்பெட்டியைக் கவிட்டு, அடியில பென்சிலாலை ஏதும் எழுதியிருக்கோ எண்டும் பாருங்கோ. டோர்ச்சைச் சரிச்சுப் பிடிச்சாத்தான் தெரியும்.

மெல்பேண் ராசா:
மரத்தகடு இருக்கெண்டா அது விசேசமா ஓடர் குடுத்துச் செய்விச்சதாத்தான் இருக்கும். நல்ல அரிய வகை, லட்சக்கணக்கிலை போகும்!

ஒகையோ அண்ணை:
ராசா, அவசரப்படாதேங்கோ. நானும் துடக்கத்திலை இப்பிடி இரண்டுதரம் ஏமாந்து காசு குடுத்தனான். தகட்டை ஒரு திருகாணியோட மாத்திப்போடலாம். ஆலையிலை இருந்து எப்பிடி வந்ததெண்டு தகடு சொல்லாது, இலக்கம்தான் சொல்லும்.

கொக்குவிலாள்:
அண்ணை, கை நடுங்குது! கறுப்புத் தகட்டிலை குதிரை நிக்குது. மரத்தகட்டிலை சின்ன வட்டப் பதக்கம், அதுக்குள்ளையும் குதிரை. பெட்டியின்ரை அடியில பென்சிலாலை இலக்கம் எழுதியிருக்கு. பத்திரத்திலை இருக்கிற அதே இலக்கம், கடைசி எழுத்து வரைக்கும்!

ஒகையோ அண்ணை:
நல்லது தங்கச்சி. பெட்டியும் பத்திரமும் ஒத்துப்போச்சு. கோல்ட் 1908, 'வெஸ்ட் பொக்கற்', அதாவது சட்டைப்பைத் துவக்கு எண்டு சொல்லுறது. ஒரே ஒரு துவக்குத்தான் இருந்தது.

இனி வகை. சுமார் 1,41,000ஆவது இலக்கத்திலை, 1916 அளவிலை, கோல்ட் ஒரு மாற்றம் செய்தது. மகசினைக் கழட்டினால் சுடாதபடி உள்ளுக்கை ஒரு தடை சேர்த்தது. உங்கடை இலக்கம் அதுக்கு முந்தினது, அப்ப அந்தத் தடை இல்லாத முதல் வகை. மகசினைக் கழட்டினாப் பிறகும் குழலிலை ஒரு ரவை நிண்டா வெடிச்சிடும். ஒப்படைச்சது ஒருவகையிலை நல்லதுதான். இடப்பக்கத்திலை விசைப் பூட்டு கோல்டிலை முதல் துவக்கிலை இருந்தே இருந்தது. எஃப்என் 1906இலை ஆரம்பத்திலை அது இல்லை, பிறகுதான் சேர்த்தவை.

அந்தக் காலத்துக்கு உரியது கறுப்பு இறப்பர்த் தகடுதான். பதக்கம் வைச்ச வால்நட் மரம் பிறகு வந்தது, அப்பப்பாவோ அவருக்கு முன்னம் வைச்சிருந்தவரோ வாங்கிப் போட்டிருப்பினம். அதாலை மரத்தகட்டை அரிய வகை எண்டு சொல்லேலாது. நீலப் பூச்சோ நிக்கல் பூச்சோ எண்டது தகட்டிலை இருந்து தெரியவராது. கோல்ட் கொம்பனியின்ரை சுவடிப் பிரிவுக்கு இலக்கத்தை அனுப்பினா, காசு வாங்கிக்கொண்டு, எந்தத் திகதி, என்ன பூச்சோட, ஆருக்கு அனுப்பினது எண்டு கடிதம் தருவினம். என்னட்டை இருக்கிற சாமான்களுக்கெல்லாம் அந்தக் கடிதம் எடுத்து வைச்சிருக்கிறன், துவக்கைவிட அதைத்தான் பத்திரமாப் பாக்கிறனான்.

பெட்டியைத் துடைக்கவேண்டாம். பென்சில் எழுத்து போயிடும்.

கொக்குவிலாள்:
ரவையையும் மகசினையும் நேற்றுப் பொலிசிலை குடுத்து எழுத்திலை வாங்கியிட்டம். கோல்டுக்கு எழுதப்போறன். ஐயாவுக்கு வயசு 84. குதிரையைக் காட்டினன், தகட்டைக் கையில வாங்கிக் கனநேரம் தடவினார். "இந்தக் குதிரையைத்தான் நான் சின்னனிலை விரலாலை தடவுறனான், அப்பு உள்ளங்கைக்குள்ளை பொத்திக்கொண்டு காட்டுவார்" எண்டார். குழல் இரண்டு அங்குலம்தான் எண்டு நான் வாசிச்சுச் சொல்ல, "ஓம், அவ்வளவுதான்" எண்டார்.