பால் ஜாயிண்ட்: பந்து மூட்டா, குமிழ்க்கீலா?

அன்பர்களுக்கு வணக்கம்.
பழைய கார் ஒன்றின் பழுதுபார்ப்புக் கையேட்டில் முன் சஸ்பென்ஷன் அத்தியாயம் வியாழன் மாலை போயாக வேண்டும். வரைவு:

"ஸ்பிரிங் லோயர் ஆர்மில் உட்கார்ந்திருந்தால், ஆர்முக்கு அடியில் ஜாக் முட்டுக் கொடுத்த பிறகே ______ நட்டைத் தளர்த்தவும். இரண்டு மூன்று மரை பிடித்திருக்கட்டும். முழுதும் கழற்றினால் ஸ்பிரிங் எகிறும். நக்கிளின் கண்ணைப் பக்கவாட்டில் சுத்தியலால் ஓங்கித் தட்டினால் கூம்புத் தண்டு விடுபடும்."

கோடிட்ட இடத்தில் 'பால் ஜாயிண்ட்'டுக்கு (சஸ்பென்ஷன் ஆர்மையும் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளையும் இணைக்கும் உருண்டைத் தலை மூட்டு) ஒரு தமிழ்ப்பெயர் நிரப்புங்கள்.

———

பந்துக்கிண்ண மூட்டு. தோளுக்கும் இடுப்புக்கும் பள்ளிப் பாடத்தில் படித்ததுதானே?

———

> பந்துக்கிண்ண மூட்டு

ஒற்று எதற்கு? பந்தும் கிண்ணமும், உம்மைத்தொகையில் வலி மிகாது. மூட்டைவிடக் 'கீல்' செறிவு. மூட்டுவலியைக் கீல்வாயு என்கிறோமே. உருண்டைத் தலைக்குக் குமிழ். ஆகவே குமிழ்க்கீல். (மூக்குக்கு உவமையாகும் குமிழம்பூ வேறு.)

———

பந்துக்கான கிண்ணம் என்று விரித்தால் ஒற்று மிகும், ஐயா. கதவுக்கீல் ஒரே வாட்டத்தில் திரும்பும்; இதுவோ ஸ்டியரிங்கோடு திரும்பிக்கொண்டே ஏறி இறங்குவது. படிப்பவர் கையில் ஸ்பானர் இருக்கிறது, நிகண்டு இல்லை.

பெயரைவிடப் பெரிய சிக்கல் ஒன்று. ஸ்பிரிங் எந்த ஆர்மில் உட்காருகிறதோ அந்த ஆர்மின் மூட்டுதான் வண்டிப் பாரத்தைச் சுமக்கும். பாரத்தை இறக்கினால்தான் அதன் ஆட்டம் தெரியும். ஸ்பிரிங் லோயர் ஆர்மில் என்றால் ஆர்முக்கு அடியில் ஜாக். அப்பர் ஆர்மில் என்றால் அந்த ஆர்முக்குக் கட்டை கொடுத்துவிட்டு, சட்டகத்துக்கு அடியில். இடம் மாறினால் தேய்ந்த மூட்டும் புதிதுபோல் நிற்கும். பாரம் சுமப்பது சுமை மூட்டு, மற்ற ஆர்மில் இருப்பது துணை மூட்டு என்று பிரித்தே எழுதுங்கள்.

ரிவெட் அடித்த மூட்டானால் தலையைத் துளையிட்டு உளியால் வெட்டி, புதியதோடு வரும் போல்ட்டைப் பூட்டச் சொல்லுங்கள். இடையில் அடித்து மூட்டைப் பிரிக்கும் கவட்டைக் கருவி ரப்பர் உறையைக் கிழிக்கும். குப்பைக்குப் போகிற மூட்டுக்கு மட்டும் அது.

———

வரைவில் 'கேஸில் நட்டு' (தலையில் கோட்டை மதில்போல் பல் வெட்டிய நட்டு) என்று பின்னால் வருகிறதே! மதில் உச்சிப் பல்வரிசைக்கு 'ஞாயில்' என்ற பழஞ்சொல் இருக்கிறது. ஞாயில் நட்டு.

———

ஞாயிற்றுக்கிழமை நட்டா என்பார்கள். 'பல் நட்டு' போதும். நட்டு கழலாமல் செருகும் ஸ்பிளிட் பின்னின் துளை பல்லிடுக்குக்கு நேராக வராவிட்டால் குறித்த முறுக்குக்கு மேல் சற்று இறுக்கியே நேராக்க வேண்டும் என்ற வரி விடுபட்டிருக்கிறது. பின்னோக்கித் தளர்த்தினால் கூம்பு கண்ணில் ஆடி ஆடித் துளையை நீள்வட்டமாக்கிவிடும்.

———

நேரமில்லை. பெரும்பான்மை பந்து மூட்டு. முதல் இடத்தில் 'பால் ஜாயிண்ட் எனப்படும் பந்து மூட்டு', பிறகு சுமை மூட்டு, துணை மூட்டு. கிண்ணம் போனதால் ஒற்றுச் சண்டையும் போயிற்று.

———

> பந்து மூட்டு

பதிவுக்காக: பந்தைத் தைக்கச் சொல்லும் ஏவலாகவும் இதைப் படிக்கலாம். குமிழ்க்கீலை நான் விடவில்லை. ஞாயிலுக்கும் என் வாக்கு உண்டு.