கம்பத்தில் ஃபைபர் இழுக்கிறீர்களா? கிளாம்ப் வாங்கும் முன் கேபிளை அளந்து பாருங்கள்

கம்பத்துக்குக் கம்பம் கட்டும் ஃபைபர் கேபிளுக்கு எந்தக் கிளாம்ப் நல்லது என்று யாராவது கேட்டால், பதிலாக வருவது பெரும்பாலும் ஒரு பிராண்ட் பெயர்தான். பிராண்ட் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. கேபிளின் வெளிவிட்டம் என்ன, இரண்டு கம்பங்களுக்கு நடுவே எத்தனை மீட்டர், அந்தக் கம்பத்தில் கேபிள் முடிகிறதா அல்லது தாண்டிப் போகிறதா, இந்த மூன்றும் தெரியாமல் கிளாம்ப் வாங்கவே கூடாது என்பது என் கருத்து. ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் பார்த்த ஒரு லைன்.

வேறு ஒப்பந்தக்காரர் இழுத்து முடித்த லைன் அது, பராமரிப்புக்காக எங்களிடம் வந்தது. காற்று பலமாக அடித்தால் லிங்க் போய்விடும், காற்று அடங்கினால் தானாகத் திரும்பி வரும். வழக்கம்போல எல்லோரும் ஜாயின்ட் மேல்தான் சந்தேகப்பட்டார்கள். ஃபைபரில் ஒளியை அனுப்பி எந்தத் தூரத்தில் எவ்வளவு இழப்பு என்று கோடாக வரைந்து காட்டும் ஓடிடிஆர் கருவியை வைத்துப் பார்த்தால் 1310 நானோமீட்டர் அலைநீளத்தில் கோடு சுத்தமாக இருக்கிறது, 1550-ல் மட்டும் ஓரிடத்தில் சட்டென்று ஒரு படி இறங்குகிறது. ஜாயின்டில் ஃபைபரை ஒட்டிய இடத்தில் (ஸ்பிளைஸ்) கோளாறு என்றால் இரண்டு அலைநீளத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இழப்பு தெரியும். 1550-ல் மட்டும் பெரிதாகத் தெரிந்தால் ஃபைபர் எங்கோ வளைந்திருக்கிறது, இல்லை நசுங்கியிருக்கிறது. தூரத்தைக் கணக்குப் போட்டால் ஜாயின்டே இல்லாத ஒரு கம்பத்தில் போய் நிற்கிறது.

ஏறிப் பார்த்தோம். ஆப்பு வைத்துப் பிடிக்கும் வகை டென்ஷன் கிளாம்ப், அதாவது கேபிளின் இழுவையைத் தாங்கும் கிளாம்ப். உடம்பில் 8–12 என்று பொறித்திருக்கிறது, கேபிளோ வெர்னியரில் 13 மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் மேலே காட்டுகிறது. ஆப்பு முழுதாக உள்ளே போகவே இல்லை, வாயருகிலேயே நின்றுவிட்டது. பிடி கேபிளின் நீளத்துக்குப் பரவுவதற்குப் பதிலாக ஆப்பின் முனை மட்டும் உறையைக் கடித்துக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தை விரலால் தடவினாலே கேபிள் உருண்டையாக இல்லை, தட்டையாகிவிட்டது என்று தெரியும். காற்றில் கேபிள் ஆடும்போதெல்லாம் அந்தக் கடி இன்னும் இறுகும், அதுதான் லிங்க் விழுந்ததற்குக் காரணம். சரியான அளவு கிளாம்பை மாற்றி, நசுங்கிய இடத்தைக் கிளாம்புக்கு வெளியே விட்டுக் கட்டியதும் அந்தப் படி கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. உறை அடிபட்டுவிட்டதால் அந்தப் பகுதியைப் பின்னால் வெட்டி மாற்றத்தான் வேண்டும், அது வேறு கதை.

இதற்கு நேர்மாறும் நடக்கும். மெல்லிய கேபிளுக்குப் பெரிய கிளாம்ப் போட்டால் கேபிள் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கும், தொய்வு கூடிக்கொண்டே போகும், கீழே போகும் லாரி என்றைக்காவது இழுத்துக்கொண்டு போய்விடும். உலோகமே இல்லாத, தன் எடையைத் தானே தாங்கும் ஏடிஎஸ்எஸ் கேபிளில் இழுவையைத் தாங்குவது உள்ளே இருக்கும் அராமிட் நூல். கிளாம்ப் வெளியுறையை மட்டும் பிடித்து இழுத்தால் உறை நீளும், நூல் நின்ற இடத்திலேயே நிற்கும்.

இழுவை எவ்வளவு வரும் என்பதையும் ஒரு தடவை கையால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மீட்டருக்கு 100 கிராம் எடையுள்ள கேபிள், 60 மீட்டர் இடைவெளி, 60 சென்டிமீட்டர் தொய்வு என்றால் கிளாம்பில் சுமார் 75 கிலோ இழுவை. பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று தொய்வை 30 சென்டிமீட்டராகக் குறைத்தால் அது 150 கிலோ. காற்று இன்னும் கணக்கில் வரவே இல்லை. கம்பிபோல நேராக இழுத்துக் கட்டச் சொல்லும் மேற்பார்வையாளர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

குறைந்த இடைவெளிக்கு ஆப்புக் கிளாம்ப் போதும், வேலையும் சீக்கிரம் முடியும். இடைவெளி நூறு மீட்டரைத் தாண்டும் இடங்களில் எனக்கு நம்பிக்கை கம்பிச் சுருள் வகை டெட் எண்ட் (கேபிளின் இழுவையைக் கம்பத்தில் நிறுத்தும் பிடி) மேல்தான். முதலில் கேபிளைச் சுற்றி ஒரு அடுக்குக் காப்புக் கம்பி, அதற்கு மேல் இழுவையைத் தாங்கும் சுருள். பிடி நீளமாகப் பரவுவதால் ஒரே இடத்தில் நசுக்காது. கையால்தான் சுற்ற வேண்டும், ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பக் கூடாது. லைனில் இருந்து கழற்றிய சுருளைப் பார்த்தால் புதிது போலத்தான் இருக்கும், தயவுசெய்து அதைத் திரும்பப் போடாதீர்கள். உட்புறம் ஒட்டியிருக்கும் மணல்போன்ற பொடி தேய்ந்திருக்கும், பழைய பிடி வராது.

கேபிள் நேராகத் தாண்டிப் போகும் கம்பத்தில் கேபிளைத் தொங்கவிட்டுத் தாங்கும், ரப்பர் உள்ள சஸ்பென்ஷன் கிளாம்ப் போதும். ஆனால் லைன் திரும்பும் கம்பத்தில் அதையே மாட்டுகிறார்கள். எத்தனை டிகிரி திருப்பம் வரை தாங்கும் என்பது அதன் டேட்டாஷீட்டிலேயே இருக்கும், அதைத் தாண்டினால் இரண்டு பக்கமும் டெட் எண்ட் போட்டு நடுவில் தளர்வாக ஒரு வளையம் விடுங்கள்.

பதில்:

மின்கம்பங்களில் வேலை செய்பவன் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். உயர் அழுத்த லைன் போகும் அதே கோபுரத்தில் ஏடிஎஸ்எஸ் கட்டும்போது கிளாம்பின் பலத்தை மட்டும் பார்த்தால் போதாது. அங்கே கேபிள் மின்புலத்துக்குள் தொங்குகிறது. தூசியும் உப்பும் படிந்த உறை மழையில் நனைந்தால் மேலே மெல்லிய கசிவு மின்னோட்டம் ஓடும். ஈரம் காய ஆரம்பிக்கும்போது நடுநடுவே காய்ந்த பட்டைகள் உண்டாகி, அவற்றின் குறுக்கே சின்னச் சின்னத் தீப்பொறி தாவும். நான் பார்த்த கேபிளில் இது சுருள் கம்பிகளின் நுனிக்குச் சற்றுத் தள்ளி நடந்திருந்தது, உறையில் மரம் கிளைவிட்டது மாதிரி கருப்புத் தடங்கள், ஓரிடத்தில் மஞ்சள் அராமிட் நூல் வெளியே தெரிந்தது. கிளாம்ப் என்னவோ உறுதியாகத்தான் இருந்தது. கேபிள் தொங்கும் இடத்தின் மின்னிலையை (லைனின் வோல்ட்டேஜை அல்ல) வைத்துச் சாதாரண பாலிஎத்திலீன் உறையை 12 கிலோவோல்ட் வரைக்கும், தடம் விழாத சிறப்பு உறையை 25 வரையும் பொதுவாகச் சொல்வார்கள். கிளாம்பை எந்த உயரத்தில் மாட்டுகிறோம் என்பதே இதைத் தீர்மானிக்கிறது, அதனால் பிராக்கெட் இடத்தை முதலில் கணக்கிட்டுவிட்டு அப்புறம் கேபிளை ஆர்டர் செய்யுங்கள்.

அப்புறம் திறந்தவெளி. மரமோ கட்டிடமோ இல்லாத சமவெளியில் மெல்லிய காற்று ஒரே சீராக வீசும்போதுதான் கேபிள் விடாமல் அதிரும். நீண்ட இடைவெளிகளுக்கு அதிர்வைத் தணிக்கும் சுருள் டாம்பர் போடுங்கள், ஆனால் காப்புக் கம்பி மேல் ஏற்றாமல், தள்ளி.

பதில்:

எல்லோரும் கிளாம்பைப் பற்றியே பேசுகிறீர்கள், அதைக் கம்பத்தோடு சேர்த்துப் பிடிக்கிற ஸ்டீல் பட்டையை யாரும் சொல்லவில்லையே. கடலோரத்தில் வேலை செய்கிறேன். இங்கே கிளாம்ப் விழுந்து நான் பார்த்ததைவிடப் பட்டை அறுந்து பார்த்ததுதான் அதிகம். 304 ரகத் துருப்பிடிக்காத எஃகு என்று சொல்லி, அதைவிடச் சீக்கிரம் துருப்பிடிக்கும் 201 ரகத்தைத் தருகிறார்கள். காந்தம் வைத்துச் சோதித்தால் தெரிந்துவிடும் என்று நம்பி வாங்காதீர்கள், இரண்டுமே காந்தத்தில் ஒட்டாது, ஒட்டினாலும் லேசாகத்தான். எஃகு ஆலை தரும் மில் சான்றிதழ் கேளுங்கள். உப்புக்காற்று நேரடியாகப் படும் இடமென்றால் 316 வாங்கிவிடுங்கள். கேபிள் முடியும் கம்பத்தில் பிராக்கெட்டுக்கு மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு பட்டை, ஒவ்வொன்றும் இரட்டைச் சுற்று. இறுக்கும் கருவியால்தான் இறுக்க வேண்டும், கட்டிங் பிளையரால் இழுத்து மடக்கிய பட்டை மழைக்காலம் வரை கூடத் தாங்காது. மீதி வாலை வெட்டி, பட்டையைப் பூட்டும் பக்கிளின் காதுகளைச் சுத்தியலால் நன்றாக மடித்துவிடுங்கள், அடுத்து ஏறுபவரின் கையைக் கிழிக்கும் கூர்மை அதில் இருக்கிறது.

தாங்கு கம்பியும் ஃபைபர் பகுதியும் ஒட்டியிருக்கும் எட்டு வடிவ கேபிளுக்கும் இதே கணக்குத்தானா என்று யாராவது சொல்லுங்கள்.

முதலில் எழுதியவர்:

கோபுரத்தில் பிராக்கெட் உயரத்தைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி, அதை முதல் பதிவிலேயே சேர்த்திருக்க வேண்டிய அளவுக்கு முக்கியமானது.

எட்டு வடிவ கேபிளில் கிளாம்ப் பிடிக்க வேண்டியது மேலே இருக்கும் தாங்கு கம்பியை மட்டும்தான். அதனால் அங்கே அளக்க வேண்டியது கம்பியின் விட்டம், உறையோடு பிடிக்கும் கிளாம்பா, உறையை உரித்துப் பிடிக்கும் கிளாம்பா என்பதையும் பார்த்து. கேபிள் முடியும் இடத்தில் கம்பிக்கும் ஃபைபர் பகுதிக்கும் நடுவில் இருக்கும் இணைப்பைக் கத்தியால் நீளவாக்கில் பிரிக்கும்போது அவசரம் வேண்டாம், கத்தி ஃபைபர் பக்கம் சாய்ந்தால் அந்த வெட்டில் தண்ணீர் இறங்கும். தாங்கு கம்பி எஃகு என்பதால் அதை எர்த் செய்தாக வேண்டும்.

கூடுதல் கேபிளைச் சுற்றி வைக்கும் பிராக்கெட்டுக்கும் இதே அளவுதான் அடிப்படை. இழுக்கும்போது வளைவின் ஆரம் கேபிள் விட்டத்தைப் போல 20 மடங்கு, கட்டி முடித்த பின் 10 மடங்கு என்பது வழக்கமான குறைந்தபட்சம். 13 மில்லிமீட்டர் கேபிளுக்கு 26 சென்டிமீட்டர், 13 சென்டிமீட்டர். ஜாயின்ட் பெட்டியைத் தரைக்கு இறக்கி மேசை போட்டு ஸ்பிளைஸ் செய்யும் அளவுக்கு நீளம் விடுங்கள். அந்தக் கூடுதல் கேபிளை நைலான் டையால் நெரித்துக் கட்டினால் 1550-ல் மறுபடியும் அதே படிதான் வரும்.