க்வியர் கிராபிக் நாவல், சூப்பர் ஹீரோ சீரிஸ்: அழவைக்காமல், ரசிக்கிற மாதிரி எவை இருக்கின்றன?

இரவுவாசிப்பு:

க்வியர் (ஒருபாலீர்ப்பு, இருபாலீர்ப்பு, திருநர் என) கதாபாத்திரங்கள் நடுநாயகமாக இருக்கிற கிராபிக் நாவல்களும் (படக்கதையாக வரும் நாவல்கள்) சூப்பர் ஹீரோ படங்களும் சீரிஸும் சொல்லுங்கள். இதுவரை எனக்குக் கிடைத்தவை எல்லாம் நெஞ்சைப் பிசைகிற ரகம். 'ப்ளூ இஸ் தி வார்மஸ்ட் கலர்' தொடங்கும்போதே ஒருத்தி இறந்துபோயிருக்கிறாள், அவளுடைய டைரியை அவள் காதலி படிக்கிறாள். 'ஃபன் ஹோம்' மிகச் சிறந்த புத்தகம்தான், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை, ஆனால் அதுவும் ஒரு தந்தையின் சாவைச் சுற்றித்தான் நகர்கிறது. சூப்பர் ஹீரோ பக்கம் போனால் இன்னும் மோசம், 2019இல் வந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' படத்தில் பெயர்கூட இல்லாத ஒருவர் தான் இன்னொரு ஆணுடன் வெளியே போய்வந்ததை ஒரு நிமிடம் சொல்வார், அதற்கே அவ்வளவு பேச்சு நடந்தது.

எனக்கு வேண்டியது, இவர்களும் காதலித்து, சண்டை போட்டு, உலகத்தைக் காப்பாற்றி, கடைசிப் பக்கத்தில் உயிரோடு இருக்கிற கதை. என் தங்கைக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். அவளுக்கு 15 வயது, தன்னைப் பற்றி என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். அவள் முதலில் படிக்கப்போவது சோகக் கதையாக இருக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

---

கட்டங்களுக்குள்:

தங்கைக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு 'நிமோனா' கொடுங்கள். என்.டி. ஸ்டீவன்சன் 2012இல் இணையத்தில் தொடராக வரையத் தொடங்கியது, 2015இல் புத்தகமானது. நினைத்த உருவத்துக்கு மாறக்கூடிய ஒரு பெண், ஊரே வில்லன் என்று முத்திரை குத்திய ஒருவனிடம் போய் உதவியாளாகச் சேர்கிறாள். அவன் பெயர் பாலிஸ்டர். அவன் கையை வெட்டியவன் அம்ப்ரோசியஸ், அவனுடைய பழைய நேசம். இதிலிருந்து எடுத்த அனிமேஷன் படத்தில் இந்த இருவரும் காதலர்கள் என்பதை ஒளிவுமறைவில்லாமல் காட்டியிருக்கிறார்கள். அதை யாரும் பிரச்சினையாகவே எடுத்துக்கொள்வதில்லை, பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. ஊர் பயப்படுவது நிமோனாவைப் பார்த்துத்தான். நீ என்ன பிறவி என்று அவளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள், அவளோ தன் பெயரை மட்டுமே பதிலாகச் சொல்கிறாள். ஸ்டீவன்சன் பின்னாளில் தன்னைத் திருநர் என்று வெளிப்படையாக அறிவித்தார். அது தெரிந்து மறுபடி படித்தால் அந்தப் பதிலுக்கு எவ்வளவு எடை இருக்கிறது என்று புரியும்.

படம் வந்த கதையும் தெரிந்துகொள்ள வேண்டியது. ப்ளூ ஸ்கை ஸ்டுடியோ இதைத் தயாரித்துக்கொண்டிருந்தபோதே, 2021இல் டிஸ்னி அந்த ஸ்டுடியோவை மூடிவிட்டது. பாதியில் நின்ற படத்தை அன்னபூர்ணா நிறுவனம் எடுத்து முடித்து, 2023இல் நெட்ஃபிளிக்ஸில் வந்து, ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியல் வரை போனது. புத்தகத்தின் முடிவும் படத்தின் முடிவும் வேறு. படத்தின் முடிவு இன்னும் நம்பிக்கையானது, அதனால் அதையே முதலில் பார்க்கட்டும்.

அப்புறம் 'ஹார்ட்ஸ்டாப்பர்', பள்ளியில் படிக்கும் இரண்டு பையன்களின் காதல் கதை, ஆலிஸ் ஓஸ்மேன் எழுதி வரைந்தது. இதை யாராவது சொல்லத்தான் போகிறார்கள், நானே சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு தொகுதிகள் அவ்வளவு இதமானவை. ஆனால் ஒரு விஷயம், பிந்தைய தொகுதிகளிலும், இதை வைத்து எடுத்த சீரிஸின் மூன்றாவது சீசனிலும், நாயகர்களில் ஒருவனான சார்லியின் உணவுப் பிரச்சினையும் தன்னையே காயப்படுத்திக்கொள்வதும் வருகின்றன. மிகுந்த அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார். இருந்தாலும் அந்தப் பகுதி வரும்போது நீங்களும் கூடவே படியுங்கள்.

---

முகமூடி:

சூப்பர் ஹீரோ பக்கம் இவ்வளவு காலம் வறண்டு கிடந்ததற்குக் காரணம் உண்டு. 1954இல் அமெரிக்கப் பதிப்பாளர்கள் தங்களுக்குள் ஒரு காமிக்ஸ் விதித்தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். அதன்படி ஒருபால் உறவுகளைக் கோடிகாட்டக்கூட வழியில்லை. 1989இல்தான் அந்த விதி தளர்ந்தது. மார்வெல் காமிக்ஸின் சூப்பர் ஹீரோ நார்த்ஸ்டார் 1992இல் தன்னை ஒருபாலீர்ப்பாளன் என்று வெளிப்படுத்திக்கொண்டான், 2012இல் கைல் என்பவனைக் கல்யாணமும் செய்துகொண்டான். புத்தகத்திலேயே இவ்வளவு தாமதம் என்றால் திரை இன்னும் பின்னால் வந்ததில் வியப்பில்லை.

நீங்கள் பார்க்க (தங்கைக்கு இப்போது வேண்டாம், கெட்ட வார்த்தையும் ரத்தமும் தாராளம்) என் முதல் தேர்வு 'டூம் பேட்ரோல்'. லாரி ட்ரெய்னர் 1960களின் விமானப்படை ஆள், மனைவி குழந்தைகள் இருக்கிற வீட்டில் வாழ்ந்துகொண்டே இன்னொரு ஆணை ரகசியமாக நேசித்தவன். விபத்துக்குப் பிறகு கதிர்வீச்சு உடம்பில் ஏறி, தலைமுதல் கால்வரை கட்டுத்துணி சுற்றிக்கொண்டு யாரையும் தொட முடியாமல் பல பத்தாண்டுகள் கழிக்கிறான். சொன்னால் பெரிய சோகமாகத் தெரியும். ஆனால் அந்த சீரிஸ் அவனை அங்கேயே விட்டுவிடவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கூட்டிவருகிறது. முதல் சீசனின் நடுவில் டேனி என்று ஒரு தெரு வரும். தெருவே ஒரு கதாபாத்திரம், ஒதுக்கப்பட்டவர்களுக்கெல்லாம் அடைக்கலம் தருகிறது, கடைப் பலகைகளில் எழுத்தை மாற்றி மாற்றிப் பேசுகிறது. அங்கே லாரி மேடையேறிப் பாடுகிற காட்சியை நான் இன்னும் அடிக்கடி போட்டுப் பார்ப்பேன்.

'தி ஓல்ட் கார்ட்' (2020) படத்தையும் விட்டுவிடாதீர்கள். சிலுவைப் போரில் எதிரெதிர் அணியில் நின்று ஒருவரையொருவர் கொன்றுகொண்ட ஜோவும் நிக்கியும், இறவா வரம் பெற்று நூற்றாண்டுகளாகச் சேர்ந்தே வாழ்கிறார்கள். கைதாகி வண்டியில் போகும்போது ஒரு காவலாள் கிண்டலாக, இவன் உன் காதலனா என்று கேட்பான். அதற்கு ஜோ தரும் பதில் முழு நீளக் காதல் வசனம், ஆக்‌ஷன் படத்தில் இரண்டு ஆண்களுக்கு அப்படி ஒரு காட்சி கிடைத்தது எனக்குப் பெரிய விஷயம். 'ஹார்லி க்வின்' அனிமேஷனும் பெரியவர்களுக்குத்தான், பேட்மேன் கதைகளின் வில்லிகளான ஐவியும் ஹார்லியும் தோழிகளாக இருந்து காதலர்களாவதை இரண்டு சீசன் பொறுமையாகக் கட்டியிருக்கிறார்கள். தங்கைக்கு வேண்டுமானால் 'சூப்பர்கேர்ள்' சீரிஸில் ட்ரீமர். திருநங்கை சூப்பர் ஹீரோ வேடத்தில் நிகோல் மெய்ன்ஸ் என்ற திருநங்கையே நடித்தார்.

---

பின்னட்டை:

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. சாவு, சோகம் எதுவுமே இருக்கக் கூடாது என்று வடிகட்டினால் மிக நல்ல புத்தகங்கள் கை நழுவிப் போய்விடும். துக்கம் கதையில் எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். க்வியர் ஆளைத் தண்டிக்க வைத்த சாவு வேறு, வாழ்க்கையில் இருப்பதால் கதையிலும் வருகிற இழப்பு வேறு.

கெங்கோரோ தகாமேயின் 'மை பிரதர்ஸ் ஹஸ்பண்ட்' ஒரு மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை. யாயிச்சியின் இரட்டைச் சகோதரன் கதை தொடங்கும் முன்பே இறந்துவிட்டான். அவனுடைய கணவன் மைக் கனடாவிலிருந்து வந்து வீட்டு வாசலில் நிற்கிறான். யாயிச்சிக்குச் சங்கடம், ஆனால் அவனுடைய சின்ன மகள் கானாவுக்குப் புது உறவினர் கிடைத்த குதூகலம். பெரியவர்கள் மனதுக்குள் புதைத்துவைத்திருப்பதை அந்தக் குழந்தை நேராகக் கேட்டுவிடும். வில்லன் யாரும் கிடையாது. சாப்பாடு, நடை, பேச்சு, இவற்றுக்கு நடுவில் ஒரு மனிதன் தன் எண்ணத்தைத் தானே கவனித்துத் திருத்திக்கொள்கிறான், அவ்வளவுதான்.

தங்கைக்கு என் தேர்வு ட்ருங் லே நுயென் வரைந்த 'தி மேஜிக் ஃபிஷ்' (2020). வியட்நாமிலிருந்து அமெரிக்கா வந்த அம்மா, தன்னைப் பற்றி வீட்டில் எப்படிச் சொல்வது என்று தவிக்கும் மகன். இருவரும் சேர்ந்து தேவதைக் கதைகள் படிக்கிறார்கள். இன்றைய வாழ்க்கை சிவப்பில், அம்மாவின் கடந்த காலம் மஞ்சளில், தேவதைக் கதைகள் நீலத்தில் என்று பக்கங்களை நிறத்தால் பிரித்திருப்பதால், எந்தக் காலத்தில் இருக்கிறோம் என்று விளக்காமலே தெரியும். கடைசியில் ஒரு பழைய கதையை மகனுக்காக அம்மா தானே முடிவை மாற்றிச் சொல்கிறாள். இதற்குமேல் சொல்ல மாட்டேன், படித்துவிட்டு வாருங்கள்.

---

இரவுவாசிப்பு:

எல்லோருக்கும் நன்றி. பின்னட்டை சொன்ன வித்தியாசம் எனக்குச் சரியாகப் படுகிறது, நான் தேடியதும் அதுதான் போலிருக்கிறது. முதலில் 'நிமோனா' படம், பிறகு 'தி மேஜிக் ஃபிஷ்' என்று வைத்துக்கொள்கிறேன். 'டூம் பேட்ரோல்' எனக்கு. இன்னொன்று, மார்வெலின் 'அகதா ஆல் அலாங்' சீரிஸ் பார்க்க முன்கதை தெரிந்திருக்க வேண்டுமா?

---

முகமூடி:

தெரிந்திருந்தால் நல்லது. 2021இல் வந்த 'வாண்டாவிஷன்' பார்த்துவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் பில்லி யார் என்பதே பிடிபடாது. 'ஹார்ட்ஸ்டாப்பர்' சார்லியாக நடித்த ஜோ லாக்தான் இதில் பில்லி, அவனுக்குக் காதலனும் உண்டு, அது வீட்டில் ஒரு விஷயமே இல்லை. அகதாவின் காதல் மட்டும் நல்லபடியாக முடியாது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.